சரிந்த மலையும் எழும் பள்ளியும்

நிலம் நடுங்கிய நாடுகளிலே இளைஞர் திரண்டு சென்று, இடிந்த பள்ளிகளையும் ஊர்களையும் மீள எழுப்பிய வரலாறுகளைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் விம்முகின்றது. 1934இல் பீகார், 2001இல் கச்சு, 2015இல் நேபாளம் என அவ்வரலாறு நீளும். ஈழநாட்டிற் பெரிய நிலநடுக்கம் மிக அரிது. எனினும் நம் தீவின் மலைச்சாரல்களில், சிறப்பாக இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தில், நிலம் நடுங்காமலே ஊர்கள் புதைகின்றன. அங்கு மழையே அவ்வழிவைக் கொண்டுவருகின்றது. அம்மலைகளில் வாழும் தோட்டத் தமிழ் மக்களின் பள்ளிகளை மீள எழுப்ப விரும்பும் மாணவரும் பழைய மாணவரும் செல்வதற்கு முன் அறியவேண்டியவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். நிலநடுக்கத்தில் வீடு வீழும். வீடு நின்ற நிலம் பெரும்பாலும் எஞ்சும். அதே மனையில், முன்னினும் உறுதியாக, மீண்டும் கட்டலாம். மண்சரிவிலோ மனையே போய்விடுகின்றது. எஞ்சிய துண்டு நிலமும் இனிக் குடியிருக்கத் தகாதது என்று விலக்கப்படுகின்றது. ஆகலின் செங்கல்லும் சீமெந்தும் தேடுமுன் நிலம் தேடவேண்டியிருக்கின்றது. தொண்டர் பலர் இதனை உணராது, கையில் மண்வெட்டியோடு சென்று, எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு விடையின்றித் திரும்புகின்றனர்.

நிலநடுக்கத்திலும் சிலவேளை நிலம் தேடவேண்டிய நிலை உண்டாகும் என்பதற்குப் பீகார் சான்று. 1934 சனவரி 15ஆம் நாள் பிற்பகலில் நிகழ்ந்த அந்நடுக்கத்தால் முசாபர்பூர், தர்பங்கா, முங்கேர் முதலிய நகரங்கள் தரைமட்டமாயின. நேபாளத்தையும் சேர்த்துப் பத்தாயிரவர்க்கு மேல் மாண்டனர். சிறையில் இருந்த இராசேந்திர பிரசாத் இரண்டு நாளில் விடுதலையாகி நிவாரணப் பணியைத் தலைமேற் கொண்டார். அப்போது தென்னாட்டுப் பயணத்தில் இருந்த காந்தியடிகள், திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனையே இந்நடுக்கம் என்று பேசினார். தாகூர் அதனை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு ஒழுக்கக் காரணம் கற்பித்தல் தகாது என்பது அவர் கருத்து. இவ்வழக்கிற் கட்டுரையாளன் தாகூரின் பக்கம் நிற்பவன். மலை ஏன் சரிந்தது என்பதற்கு மழையிலும் மண்ணிலும் மனிதர் செயலிலும் காரணம் தேடுவோர்க்கே அடுத்த சரிவைத் தவிர்க்கும் வழி புலப்படும்.

அந்தப் பீகாருக்குக் கடல்கடந்து வந்தவர் பியேர் செரெசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர். அந்நாட்டின் தலைவராக இருந்த ஒருவரின் மைந்தர். முதல் உலகப் போரின் பின், 1920இல், பிரான்சில் வெர்தன் நகருக்கு அண்மையில் எஸ்ன் என்னும் சிற்றூரை மீளக் கட்டுதற்குப் பல நாட்டுத் தொண்டர் சிலரைச் சேர்த்தவர். நேற்றுவரை பகைவராயிருந்த செருமானியரும் அக்குழுவில் இருந்தமையின் ஊரில் எதிர்ப்புத் தோன்ற, சில மாதங்களில் அவ்விடம் விட்டு நீங்க நேர்ந்தது. ஆனால் அந்தச் சிறு குழுவே சர்வதேசக் குடிமைப் பணி இயக்கமாக வளர்ந்தது. பீகாருக்குச் செரெசோல் முதலில் வந்தபோது மண்வெட்டி எடுக்கவில்லை. நாடு எங்கும் சென்று பார்த்தார். நடுக்கத்தால் நிலத்தடி மணல் பீறிட்டெழுந்து வயல்களை மூடியிருந்தது; தரை தாழ்ந்தும் ஆற்றுப் படுகை உயர்ந்தும் போனமையால் முன் வெள்ளம் காணாத ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது. ஆகவே பழைய இடத்திற் கட்டுதல் வீண் என்று தெளிந்து, மேட்டு நிலத்திற் புதிய ஊர்களை அமைக்கும் பணியைத் தம் தோழர் சிலரோடு மேற்கொண்டார். சாந்திபூர் அவ்வாறு எழுந்த ஊர்களுள் ஒன்று. 1937 வரை அப்பணி நடந்தது. தொண்டர் தொகை மிகச் சிறிது; அவர்கள் நின்ற காலமோ மூன்று ஆண்டு. முதலிற் பார்த்தல், பின் நிலம் தெரிதல், அதன்பின் கட்டுதல் என்ற இவ்வொழுங்கு நம் மலைகளுக்கும் பொருந்தும்.

இனிச் சப்ரகமுவத்துக்கு வருவோம். இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. களுகங்கையும் களனி கங்கையின் கிளைகளும் இம்மலைகளிலிருந்து இறங்குகின்றன. உயர்ந்த சாரல்களிற் தேயிலையும் தாழ்ந்த சாரல்களில் இறப்பரும் வளர்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, எகலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொகுபிட்டிய முதலிய பகுதிகளில் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1989 சூனில் இரு மாவட்டங்களிலும் வெள்ளமும் சரிவும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டன. 2003 மே 17இல் இரத்தினபுரி பெருந்துயர் கண்டது. 2017 மே இறுதியில் மீண்டும் அதே துயர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலே தீவெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கேகாலையும் அதற்குத் தப்பவில்லை.

இவற்றுள் 2016 மே 17ஆம் நாளைத் தனியே எடுத்துச் சொல்லல் தகும். அன்று கேகாலை மாவட்டத்தில் இரண்டு சரிவுகள் நேர்ந்தன. அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து, எலங்கபிட்டி முதலிய சிங்களக் கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற் போனோருமாக நூற்றுவர்க்கு மேல். அதே நாளிற் புளத்கொகுபிட்டியவிற் களுபான தோட்டத்து லயத்தின்மேல் மண் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்ட தோட்டத் தமிழர் மாண்டனர். ஒரே மாவட்டம், ஒரே மழை, ஒரே துயர். ஆனால் துயரின் பின் இரு சாராரும் நடந்த பாதை ஒன்றன்று. கிராமத்தவரின் கையிற் பெரும்பாலும் ஒரு காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ இருந்தது. இழந்த காணிக்கு ஈடு கேட்க அவர்க்கு ஒரு நிலை இருந்தது. லயக் காம்பராவில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தவர் கையில் யாதும் இல்லை.

இதன் காரணம் பலரும் அறிந்ததே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசுக்கு, நிருவாகம் கம்பனிக்கு, லயம் தோட்டத்துக்கு. வாழ்பவன் பெயரில் எதுவும் இல்லை. அண்மைக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம் கொடுத்துத் தனிவீடு கட்டும் கொள்கையும், இந்திய உதவி வீட்டுத் திட்டமும் வந்தன. அவை நல்லனவே. ஆயினும் சரிவு நேர்ந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும், நிலத்தை விடுவிக்கக் கம்பனியின் இசைவு, பிரதேச செயலகத்தின் ஏற்பாடு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நில உறுதிச் சான்று ஆகிய மூன்றும் கூடவேண்டும். ஒன்று குறைந்தாலும் அத்திவாரக் கல் நாட்டியபடியே கிடக்கும்.

ஊவா மாகாணத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையை ஈண்டு நினைவுகூரலாம். 2014 அக்டோபர் 29 காலையில் அத்தோட்டத்து லயங்களை மண் மூடியது. அவ்விடம் அபாயமானது என அந்நிறுவனம் ஆண்டுகள் பல முன்னரே அறிவித்திருந்தது. அறிவித்தல் இருந்தது, போகுமிடம் இல்லை. எஞ்சியோர் பயன்பாடற்ற ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கினர். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்தே மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அவ்விரண்டு ஆண்டும் ஒரு பிள்ளையின் படிப்பில் எவ்வளவு என்பதை ஆசிரியராயிருப்போர் எண்ணிப் பார்ப்பாராக.

மலை எவ்வாறு சரிகின்றது என்பதையும் மாணவர் அறிதல் நன்று. நம் மலைகளின் அடிப்பாறை மிகப் பழைய கடும்பாறை. அதன் மேற்பகுதி வெயிலாலும் மழையாலும் உக்கி மண்ணாகின்றது. அம்மண்ணும், மேலிருந்து உருண்டு வந்து தங்கிய கல்லும் மண்ணும், சரிவான பாறையின்மேல் ஒரு போர்வைபோற் கிடக்கின்றன. பெருமழை நீர் போர்வையின் துளைகளில் நிறைந்து, கீழே பாறையைக் கடந்து செல்ல இயலாமற் தேங்குகின்றது. தேங்கிய நீரின் அழுத்தம் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்க, பிடிப்புத் தளர்ந்து போர்வை முழுதும் வழுக்குகின்றது. இயற்கையின் இவ்வேலைக்கு மனிதரும் துணைபோகின்றனர். லயம் அமைப்பதற்குச் சாரலை வெட்டித் தட்டையாக்கினர். மேலே செங்குத்தான மண்சுவர் நின்றது. முற்காலத்திற் தோட்டங்களிற் கான் வெட்டுதலும் கான் துப்புரவாக்கலும் ஒழுங்காக நடந்த வேலைகள். ஆட்குறைவும் செலவுச் சுருக்கமும் வந்தபின் பல கான்கள் தூர்ந்தன. தூர்ந்த கான் நீரை வெளியே கொண்டுபோகாது, மண்ணுக்குள்ளே இறக்கும்.

சரிவு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். இருந்த வெடிப்பு அகலும். நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாயும். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கும். அல்லது ஓடிய ஊற்று வற்றும். இல்லாத இடத்திற் புதிய ஊற்றுப் பீறும். கதவு நிலையில் இறுகித் திறவாது. இவற்றை முதலிற் காண்பவர் கொழுந்தெடுக்கும் பெண்களும் பால் வெட்டுபவரும் ஆவர். அவர் கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னால் யார் கேட்பது என்பதே சிக்கல்.

அடுத்துப் பள்ளியை நோக்குவோம். தோட்டப் பள்ளி தொடக்கத்தில் ஓர் ஆசிரியர், ஓர் அறை என்ற அளவினது. அறை கோயில் மண்டபமாகவோ பிள்ளைக்காம்பராவின் ஒரு மூலையாகவோ இருந்ததுண்டு. துரைமாருடைய பொறுப்பிலிருந்த இப்பள்ளிகளை 1970களின் பிற்பகுதி முதல் அரசு ஏற்றது. 1986 முதற் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. நுவரெலியா மாவட்டத்தோடு ஒப்பிடின் சப்ரகமுவத்துத் தமிழர் தொகை சிறிது. கிராமங்களினிடையே தீவுகள்போற் சிதறியது. இந்திய வம்சாவழித் தமிழர் பலரை 1964ஆம் ஆண்டின் சிறிமா சாத்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பியது. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் வேறு பலர் வடக்கே வன்னிக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் பிள்ளைகளுக்கான தமிழ்ப் பள்ளிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கின்றன.

இக்கட்டுரையிற் சொல்லவேண்டிய முதன்மைச் செய்தி இங்கேதான் உள்ளது. சரிவின் பின் முப்பது குடும்பங்கள் பள்ளி அமைந்த மலையை விட்டுப் பத்து மைல் அப்பால் நிலம் பெறுகின்றன என்று கொள்வோம். வீடு கிடைத்தது என்று எல்லோரும் மகிழ்வர். பழைய பள்ளியில் மாணவர் தொகை குறையும். குறைந்தால் ஆசிரியர் இடமாற்றம் பெறுவர். பின் பள்ளியை மூடலாமா என்ற பேச்சு எழும். புதிய இடத்திலோ அண்மையிற் தமிழ்ப் பள்ளி இல்லை. பிள்ளை சிங்கள மொழிப் பள்ளியில், தெரியாத மொழியில், ஆறாம் வகுப்பில் இடையே நுழைய வேண்டும். அன்றேல் இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டும். அன்றேல் நிற்க வேண்டும். மலை வீழ்த்தாத பள்ளியை மீள்குடியேற்றம் வீழ்த்திவிடும். ஆகவே வீட்டு நிலம் தெரியும் கூட்டத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரும் கோட்டக் கல்வி அலுவலரும் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்துவது தொண்டரின் முதற் கடமை. சுவருக்கு வண்ணம் பூசுதல் பின்னர் ஆகலாம்.

தொண்டர் என்னும்போது நம் நாட்டிலேயே ஒரு கல்லூரி காட்டிய வழி உண்டு. 1958 திசம்பரிற் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. அரியரத்தின தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். சாதியால் ஒதுக்கப்பட்டோரின் ஊர் அது. விடுமுறை முகாமில் மாணவர் அவ்வூராரோடு உண்டு, உறங்கி, கிணறும் நிலமும் வெட்டினர். அதுவே சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம். அங்கே வெட்டிய மண்ணின் அளவைவிட, நகரத்து மாணவர் அவ்வூர் வீட்டில் உண்ட சோறே பெரிது. வள்ளுவர் ஒப்புரவு என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதனை நாம் ஈகையோடு சேர்த்து மயங்குகின்றோம். அவரோ ஈகைக்கு வேறு அதிகாரம் வைத்தார். ஊரோடு ஒத்து நின்று செய்வது ஒன்று, மேல் நின்று கொடுப்பது மற்றொன்று.

கொடுப்பதில் நேரும் கேட்டைச் சிறிது சொல்லாமல் விடலாகாது. சரிவு நேர்ந்த முதல் வாரத்தில் லொறி லொறியாகப் பழைய உடைகள் வந்து குவிகின்றன. முகாமான பள்ளியின் ஒரு வகுப்பறை உடைக் களஞ்சியமாகி, மற்ற அறைகள் திறந்த பின்னும் அது மூடியே கிடக்கும். கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்குக் கொடையாளர் பெயர் பொறித்த மண்டபம் எழும். கொடையாளர் மனம் நல்லதே. ஆயினும் கேட்டறிந்து கொடுத்திருப்பின் அதே பணம் ஓராண்டுக்கு மாணவரின் பேருந்துக் கட்டணமாகியிருக்கும்.

பத்து நாள் விடுமுறையில் ஓர் இருபது மாணவர் செல்வதாயின் என்ன செய்யலாம்? மழை நின்று, அலுவலர் இசைவு தரும்வரை சரிந்த சாரலில் ஏறலாகாது. ஒரு முறை சரிந்த மண் மறுமுறையும் நகரும். பள்ளியிற் சேறு அள்ளுதல், மேசை நாற்காலி கழுவித் திருத்துதல், பள்ளியைச் சூழ்ந்த கான்களைத் தோட்டத்தாரோடு சேர்ந்து திறத்தல் ஆகியவை உடலுழைப்புக்கு உரியன. எழுதத் தெரிந்தவர்க்கு இதனினும் பெரிய வேலை உண்டு. மண்ணுக்குள் போனவற்றுட் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் அடங்கும். பள்ளியின் சேர்வு இடாப்பு எஞ்சியிருப்பின் ஒரு பிள்ளையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர் ஆகியவற்றுக்கு அதுவே சான்று. அதனைப் பார்த்துப் பிரதிகள் எழுதி, தலைமையாசிரியரின் ஒப்பம் பெற்று, கிராம சேவகர் முதலாகப் பதிவகம் ஈறாகப் பெற்றோருடன் கூடச் சென்று, சிங்களப் படிவத்தை வாசித்துப் பொருள் சொல்லி நிரப்பிக் கொடுத்தல் இரு மொழியும் அறிந்த மாணவர்க்கு எளிது. லயத்து முதியவர்க்கு அதுவே மலை. இதனை இருபது பேர் பத்து நாள் செய்தால் ஒரு தோட்டம் முழுவதும் முடியும். பரீட்சைக்கு நிற்கும் மாணவர்க்கு மாலை வகுப்பு நடத்துதலும் வேண்டும். ஆனால் பத்து நாளோடு அதனை முடிப்பின் பயன் சிறிது. பழைய மாணவர் சங்கம் ஒன்று, ஒரு பள்ளியை மட்டும் தெரிந்து, கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பாரை வாரந்தோறும் மூன்று ஆண்டு அனுப்புமாயின் பல பள்ளிகளுக்குப் பெயர்ப்பலகை கொடுப்பதினும் அது மேலாம்.

இறுதியாக மழைமானியைப் பற்றிச் சொல்வேன். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல், 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐக் கடந்தால் வெளியேறுதல் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படி வகுத்துள்ளது. ஒரே மணி நேரத்தில் 75ஐக் கடந்தாலும் வெளியேற வேண்டும். நகரத்து மானியின் அளவு மலைக்குப் பொருந்தாது; ஒரு மலையிற் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாய் நிற்பதுண்டு. அதனால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு மானி வேண்டும். அடி தட்டையாய், பக்கங்கள் நேராய் உள்ள எந்தத் தெளிவான ஏனமும் ஓர் அளவுகோலோடு மானியாகும்; உள்ளே நின்ற நீரின் உயரமே மழையின் அளவு. விஞ்ஞான பாடத்திற் செய்முறையாக இதனை ஒரு வகுப்பு ஒரு நாளிற் செய்து நிறுத்தலாம். ஆனால் பள்ளி வளவில் நிறுத்தினால் இரவிலும் விடுமுறையிலும் வாயிற்கதவு பூட்டியிருக்கும். பெரிய சரிவுகளுக்கு முந்திய மழை இரவிலும் பெய்தது. ஆகையால் லயத்தின் முன்றிலில், மரமும் கூரையும் மறைக்காத வெளியில் அதனை நட்டு, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் முறைவைத்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், பெருமழையில் மணிக்கொரு முறையும் பார்த்துக் குறித்தல் வேண்டும். குறிப்பேட்டின் முதற் பக்கத்திற் பிரதேச செயலகத்தின் அனர்த்த அலுவலர், தோட்ட நிருவாகி, தலைமையாசிரியர் ஆகிய மூவரின் தொலைபேசி எண்களும், எந்த அளவில் யார் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும், எந்தப் பாதையால் எந்த மேட்டுக்குப் போவது என்பதும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும்.